மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் காது கேக்கலன்னா "மூணு வயசு வரைக்கும் பாப்போம்"னு உக்காந்துடாதீங்க

கடலூர் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா எழுதின கடிதம் இது. நாலு பக்கம் இருக்கு, ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தி சுருக்கமா குடுக்கிறேன்.

பையனுக்கு இப்ப 15 மாசம். 13-வது மாசத்துல காய்ச்சல், வாந்தி, மூணாம் நாள் ஃபிட்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்து முதுகுத்தண்டுல தண்ணி எடுத்துப் பாத்ததுல மூளைக்காய்ச்சல், கிருமி நிமோகாக்கஸ்னு ரிப்போர்ட். 14 நாள் ஊசி போட்டு பொழைக்க வச்சிட்டாங்க, குலதெய்வம் கோயில்ல மொட்டையும் போட்டாச்சு. ஆனா முன்னாடி "அம்மா", "தா", "காக்கா"ன்னு மூணு வார்த்தை சொல்லிட்டிருந்தவன், ஓட்டு மேல காக்கா கத்தினா விரலை நீட்டிக் காட்டினவன், இப்ப எதுக்கும் திரும்புறதில்ல. சுவரைப் புடிச்சு நடந்தவன் உக்காந்தாலே சாயறான். டிஸ்சார்ஜ் ஆன ஆறாவது வாரம் பெரா டெஸ்ட் (காது நரம்பு சத்தத்துக்குப் பதில் சொல்லுதான்னு பாக்கறது) எடுத்ததுல ரெண்டு காதுலயும் 90 டெசிபல் சத்தத்துக்குக் கூட பதில் இல்ல. இஎன்டி டாக்டர் உடனே எம்ஆர்ஐ எடுங்க, காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதுல ஆபரேஷன் பண்ணி வைக்கிற கேக்கற கருவி) வைக்கணும்னு சொல்லிட்டார். மாமியார் "இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான், தட்டு விழுந்தா திரும்புறானே"ங்கறாங்க. வீட்டுக்காரர் திருப்பூர்ல எலக்ட்ரீஷியன், "மண்டைய ஓட்டை போடுறதெல்லாம் வேணாம், மூணு வயசு ஆகட்டும்"ங்கறார். அந்த அம்மா இப்ப 5 மாசம் கர்ப்பம். அவங்க கேள்வி: காத்திருக்கலாமா, ஆஸ்பத்திரியில போட்ட ஊசியாலதான் காது போச்சா, அவங்க மேல கேஸ் போடலாமா, 9 மாசத்துல மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டும் எப்படி வந்துச்சு, வரப்போற பிள்ளைக்கு என்ன பண்றது. கடைசியில ஒரு வரி, "எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு வீட்டுல சொல்றாங்க, அது உண்மையா டாக்டர்?"

வணக்கம்மா. உங்க கடைசி வரியைத்தான் முதல்ல படிச்சேன். அதுக்கு பதில் இருக்கு, கீழ சொல்றேன், ஆனா அதை அப்புறமா வச்சுக்கறேன், ஏன்னா நீங்க கேட்டதுல ஒண்ணே ஒண்ணுதான் நாள் கணக்குல அவசரம். மத்ததெல்லாம் அடுத்த மாசம் கூட பேசிக்கலாம்.

ஏன் காத்திருக்கக் கூடாது

உங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன்னு எழுதியிருக்கீங்க, அதனால அவருக்குப் புரியற மாதிரியே சொல்றேன், இதை அவருக்கு போன்ல படிச்சுக் காட்டுங்க. உள்காதுல காக்ளியான்னு ஒரு உறுப்பு, நத்தை ஓடு மாதிரி ரெண்டரை சுத்து சுருண்டு, உள்ள தண்ணி நிறைஞ்ச குழாய். பிரிச்சு நீட்டினா மூணரை சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். மூளையைச் சுத்தி இருக்கிற நீருக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவுல ஒரு சின்ன வழி இருக்கு. மூளைக்காய்ச்சல் வந்தா கிருமியும் சீழும் அந்த வழியா இறங்கி, சத்தத்தை நரம்புக்கு மாத்திக் குடுக்கிற மெல்லிசான செல்களை அழிச்சிடும். அந்த செல் மனுஷனுக்கு திரும்ப முளைக்காது. இது வரைக்கும் நடந்து முடிஞ்சது.

இப்ப நடந்துக்கிட்டிருக்கிறது வேற. அடிபட்ட அந்தக் குழாயை உடம்பு ஆற வைக்குதுன்னு நெனச்சுக்கிட்டு முதல்ல நார் மாதிரி சதை வளத்து, அப்புறம் அதையே எலும்பா மாத்திடும். எல்லா பிள்ளைக்கும் ஆகாது, ஆனா நிமோகாக்கஸ்ல அதிகமா ஆகும், சில பிள்ளைங்களுக்கு நாலஞ்சு வாரத்துலயே ஆரம்பிச்சிடும். காக்ளியர் இம்பிளான்ட்னா அந்தக் குழாய்க்குள்ள ஒரு மெல்லிசு ஒயரை நுழைக்கிறதுதான். பூச்சு வேலைக்கு முன்னாடி சுவத்துல பதிச்ச பைப்புக்குள்ள சிமெண்ட் பால் எறங்கி இறுகிடுச்சுன்னா அப்புறம் ஒயர் இழுக்க முடியுமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. சுவத்தை உடைச்சுதான் போகணும், உடைச்சாலும் முழுசா போகாது. மூணு வயசுல வந்தீங்கன்னா நாங்களும் எலும்பைக் குடைஞ்சு பாதி ஒயரை வைப்போம், பலனும் பாதிதான் வரும், சில சமயம் அதுவும் முடியாம போகும்.

பிறவியிலேயே காது கேக்காத பிள்ளைன்னா மூணு மாசம் ஹியரிங் எய்டு போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவெடுப்போம், அது சரியான வழக்கம்தான். உங்க பையன் விஷயத்துல அந்த மூணு மாசம் கிடையாது. இதை ஏன் தனியா சொல்றேன்னா, எங்கயாவது ஒரு கவுன்டர்ல "மொதல்ல மெஷின் போட்டுப் பாத்துட்டு வாங்கம்மா"ன்னு திருப்பி அனுப்பினா, "இது மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் வந்தது, டிஸ்சார்ஜ் ஆகி இத்தனை வாரம் ஆச்சு"ன்னு நீங்க வாய் விட்டு சொல்லணும், ஃபைலோட முதல் பக்கத்துலயே எழுதி வைங்க.

தட்டு விழுந்தா திரும்புறான்னு மாமியார் சொல்றது பொய்யில்ல, அவங்க கண்ணால பாத்ததுதான். ஆனா தரையில உக்காந்திருக்கிற பிள்ளைக்கு தட்டு விழுந்த அதிர்வு தொடை வழியா தெரியும், ஆள் வந்தா நிழல் தெரியும், அம்மா மூஞ்சி மாறினா தெரியும். காது போன பிள்ளைங்க கண்ணை எவ்வளவு கூர்மையா வச்சிருக்கும்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். பெரா டெஸ்ட்ல பிள்ளை தூங்கிக்கிட்டிருக்கும், நிழலும் கிடையாது அதிர்வும் கிடையாது, நரம்பு பதில் சொல்லுதா இல்லையா மட்டும்தான். அப்பா லேட்டா பேசினார்ங்கறதும் இங்க பொருந்தாது, ஏன்னா உங்க பையன் லேட்டா பேசற பிள்ளை இல்ல, சொல்லிட்டிருந்த வார்த்தையை விட்ட பிள்ளை. லேசா காது மங்கின சில பிள்ளைங்களுக்கு முதல் சில வாரத்துல கொஞ்சம் ஏறும், உண்மைதான். ரெண்டு பக்கமும் இவ்வளவு போனது தானா திரும்புறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

சாயறான்னு எழுதியிருந்தீங்களே, அது கால் பலவீனம் இல்ல. நிதானத்தைப் பாத்துக்கிற உறுப்பும் உள்காதுல காக்ளியாவுக்குப் பக்கத்து ரூம்தான், அதுவும் அடிபட்டிருக்கு. இதுல ஆறுதலான விஷயம், கண்ணும் காலும் சேந்து அந்த வேலையைக் கத்துக்கும், லேட்டா நடப்பான், ஆனா நடப்பான். இருட்டுல மட்டும் தடுமாறுவான், ராத்திரி ஒரு விடிவிளக்கு போட்டு வைங்க. காதுல பூண்டு எண்ணெய் காய்ச்சி விடறதா எழுதியிருந்தீங்க, அதை இன்னையோட நிறுத்திடுங்க. செவிப்பறை தாண்டி அது உள்ள போகாது, ஆபரேஷன் நேரத்துல காது புண்ணாகி தள்ளிப் போட வேண்டி வரும், அதான் மிச்சம்.

ஆபரேஷன் பத்தி, கூட்டாமக் குறைக்காம

மண்டையைத் திறந்து மூளையைத் தொடற ஆபரேஷன் இல்ல இது. காதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்புல வழி பண்ணி ஒயரை வைக்கிறது, ரெண்டு மூணு மணி நேரம். முகத்துக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது, அதுல அடிபடறது அபூர்வம்னாலும் இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். தொற்று வரலாம், கருவி பழுதாகலாம், மயக்க மருந்துக்கு உண்டான ரிஸ்க் எல்லா ஆபரேஷனுக்கும் இருக்கிறதுதான். வச்ச அன்னைக்கே காது கேக்காது, புண்ணு ஆறி மூணு நாலு வாரம் கழிச்சுதான் வெளி மெஷினை மாட்டி ஆன் பண்ணுவாங்க, அன்னைக்கு பிள்ளை பயந்து அழும், அழுதா நாங்க சந்தோஷப்படுவோம். அதுக்கப்புறம்தான் உண்மையான வேலையே, வருஷக் கணக்குல ஸ்பீச் தெரபி, வீட்டுல நாள் பூரா பேச்சு. மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைங்களுக்கு நரம்பும் கொஞ்சம் அடிபட்டிருக்கலாம்ங்கறதால பலன் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனா 13 மாசம் காது கேட்டு வளந்த பையன், "காக்கா"ன்னா என்னன்னு மூளை ஒரு தடவை கத்துக்கிட்டது, அது நமக்கு பெரிய முதல்.

சைகை மொழி பத்தியும் ஒரு வார்த்தை. சைகை பண்ணினா பேச்சு வராதுன்னு யாராவது சொல்வாங்க, காதுல போட்டுக்காதீங்க. மெஷின் ஆன் ஆகற வரைக்கும் இந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு பாஷை வேணும்ல, பால், தண்ணி, தூக்கு, வலிக்குது, இதுக்கெல்லாம் கையால ஒரு அடையாளம் வச்சு தினமும் அதையே செய்யுங்க, மூஞ்சிக்கு நேரா உக்காந்து பேசுங்க. இம்பிளான்ட் வைக்க முடியாத நிலைமைன்னு எம்ஆர்ஐ சொல்லிட்டாலும் சைகை மொழியில படிச்சு வேலைக்குப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க, அது இருட்டு வழி இல்ல.

ஆஸ்பத்திரி ஊசியாலயா? கேஸ் போடலாமா?

நீங்க அனுப்பின டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாத்தேன். செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின், டெக்ஸாமெதாசோன். ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசிங்க காதைக் கெடுக்கும்னு ஊர்ல பேசறது சரிதான், ஆனா உங்க பையனுக்கு அது ரெண்டுமே போடல. வான்கோமைசின் மேல லேசா சந்தேகப்படலாம், ஆனா இந்த நோய்ல இந்த அளவு காது போறதுக்கு நோயே போதும். டெக்ஸாமெதாசோன் குடுக்கிறதே வீக்கத்தைக் குறைச்சு காதைக் காப்பாத்தற நோக்கத்துலதான், முதல் ஆன்டிபயாடிக்கோடயோ கொஞ்சம் முன்னாடியோ போடணும், போட்டாலும் எல்லாப் பிள்ளைக்கும் காப்பாத்தறதில்ல. பாக்டீரியா மூளைக்காய்ச்சல்லேர்ந்து பொழைக்கிற பிள்ளைங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு காது பாதிக்குது, நிமோகாக்கஸ்னா அதை விட அதிகம்.

அவங்க தப்பு ஒண்ணு இருக்குன்னு நான் நினைக்கிறேன், காது டெஸ்ட் எடுக்காம அனுப்பினது. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியோ, போனா நாலு வாரத்துக்குள்ளயோ எடுத்திருக்கணும். உங்களுக்கு ரெண்டு மூணு வாரம் போயிடுச்சு. கேஸ் போடறதா வேணாமாங்கறது நீங்களும் ஒரு வக்கீலும் பேசிக்க வேண்டியது, எனக்குத் தெரிஞ்ச அளவு: முழு கேஸ் ஷீட் காப்பி கேட்டு எழுதிக் குடுத்தா 72 மணி நேரத்துல தரணும், அது உங்க உரிமை, எப்படியும் ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு அது தேவைப்படும், அதனால இந்த வாரமே எழுதிக் குடுங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக ரெண்டு வருஷம் டைம் இருக்கு. காக்ளியாவுக்கு அவ்வளவு டைம் இல்ல.

"மூளைக்காய்ச்சல் ஊசிதான் போட்டாச்சே?"

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல, ஊர் பூரா இருக்கு, பேர்தான் காரணம். 9 மாசத்துல உங்க பையனுக்குப் போட்டது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. அது வைரஸ், வயல் தண்ணியில வளர்ற கொசு பரப்பறது, பன்னியும் கொக்கும் அதுக்கு வீடு, கடலூர் விழுப்புரம் மாதிரி நெல்லு ஊர்கள்ல பாத்ததால அந்தந்த மாவட்டத்துல மட்டும் போடறாங்க. அது மூளையையே தாக்கற நோய். உங்க பையனுக்கு வந்தது மூளையைச் சுத்தி இருக்கிற சவ்வுல பாக்டீரியா. ரெண்டையும் நாம மூளைக்காய்ச்சல்னுதான் சொல்றோம், ஊசி வேற வேற.

இந்த ரெண்டாவது வகைக்கு அரசாங்கம் இலவசமா ரெண்டு ஊசி வச்சிருக்கு. ஒண்ணு பென்டாவேலன்ட், 6, 10, 14 வாரத்துல, அதுக்குள்ள இருக்கிற அஞ்சுல ஒண்ணு ஹிப்னு ஒரு பாக்டீரியா கிருமிக்கு. இந்தியாவுலயே முதல்ல 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்கு ஹிப் ஒரு முக்கியமான காரணம். இன்னொண்ணு நிமோகாக்கல் ஊசி, பிசிவின்னு தடுப்பூசி அட்டையில எழுதியிருக்கும், 6 வாரம், 14 வாரம், 9 மாசத்துல பூஸ்டர். தமிழ்நாட்டு அரசு லிஸ்ட்ல 2021-லதான் சேந்துச்சு, வெளியில போட்டா ஒரு டோஸே ஆயிரக் கணக்குல ஆகும்.

நீங்க எழுதினது: 6 வாரத்துல போட்டப்ப தொடை வீங்கி ராத்திரி பூரா அழுதான், அதனால 10, 14 வாரத்துக்குப் போகல. 9 மாசத்துல ஊருக்கு வந்தப்ப அட்டை திருப்பூர்ல இருந்துச்சு, நர்ஸம்மா கேட்டதுக்கு "எல்லாம் போட்டாச்சு"ன்னு சொல்லிட்டீங்க, மாமியார் "ஒரே நாள்ல இத்தனை ஊசியா, ரெண்டு போதும்"னுட்டாங்க, தட்டம்மை-ரூபெல்லாவும் ஜப்பானிய ஊசியும் மட்டும் போட்டு, பிசிவி நின்னு போச்சு.

இப்ப உங்க கடைசி வரிக்கு வர்றேன். பிசிவி முழுசா போட்டிருந்தா இது வர்ற வாய்ப்பு நல்லாவே குறைஞ்சிருக்கும், அதை நான் மறைச்சா வரப்போற பிள்ளைக்கு நான் செய்யற துரோகம். ஆனா நிமோகாக்கஸ்ல சுமார் நூறு வகை இருக்கு, ஊசி தடுக்கிறது அதுல முக்கியமான பத்துலேர்ந்து பதிமூணு வகையை. உங்க பையனுக்கு வந்தது எந்த வகைன்னு ரிப்போர்ட்ல இல்ல. அதனால "நீ ஊசி போடாததாலதான்"னு உங்க மாமியாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது, ரெண்டு ஊசி போதும்னு சொன்னது யாருன்னும் ஞாபகப்படுத்திக்கலாம், சண்டைக்கு இல்ல, பழியை ஒருத்தர் தலையில மட்டும் ஏத்தாம இருக்கறதுக்கு.

ஒரு தடவை வந்துட்டதால இனிமே ஊசி வேண்டாம்னு நினைக்காதீங்க, அது நேர் எதிர். வந்தது ஒரு வகை, மத்த வகை எல்லாம் பாக்கி இருக்கு, அதோட இம்பிளான்ட் வச்ச பிள்ளைங்களுக்கு நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வர்ற வாய்ப்பு மத்த பிள்ளைங்களை விட கூடுதல். பென்டாவேலன்ட் ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சதால விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம், முதல்லேர்ந்து வேண்டாம். பிசிவியும் பாக்கியை முடிங்க, முடிஞ்சா ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஆனா ஊசிக்காக ஆபரேஷனைத் தள்ளாதீங்க. ரெண்டு வயசு முடிஞ்சதும் 23 வகைக்கான இன்னொரு நிமோகாக்கல் ஊசி போடணும், அது அரசு லிஸ்ட்ல இல்ல, டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. பின்னாடி எப்ப காது வலி, சீழ்னு வந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும், மெடிக்கல் ஷாப் மருந்தோட விடக்கூடாது.

காசும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு காக்ளியர் இம்பிளான்ட் உண்டு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். விஏஓகிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ரெண்டு பேர் ஆதார், காப்பீட்டு அட்டை இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையம். வருமானம் தாண்டினா மாற்றுத்திறனாளிகளுக்கு கருவி குடுக்கிற மத்திய அரசோட ஏடிஐபி திட்டம் இருக்கு. சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி, மதுரை ராஜாஜி மாதிரி அரசு மருத்துவக் கல்லூரிகள்லயே இந்த ஆபரேஷன் பண்றாங்க. உங்க மாவட்டத்துல ஆரம்ப இடையீட்டு மையம், டிஇஐசின்னு சொல்வாங்க, அங்க போனா எங்க அனுப்பணும்னு அவங்களே எழுதிக் குடுப்பாங்க, தெரபியும் அங்க கேளுங்க. பொதுவா அரசு திட்டத்துல ஒரு காதுக்குத்தான் கிடைக்கும். எம்ஆர்ஐல ரெண்டு பக்கமும் அடைக்க ஆரம்பிச்சிருந்தா எந்தக் காது, ரெண்டுமா, எப்படின்னு சர்ஜன்கிட்ட நேரடியா கேளுங்க. இப்பவே ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, கருவி இலவசம்னாலும் பின்னாடி பேட்டரி, ஒயர், வாரன்டி முடிஞ்ச அப்புறம் ரிப்பேர்னு செலவு வரும். மாற்றுத்திறனாளி அட்டையும் சேத்து எடுத்துடுங்க, ரெண்டு காதுலயும் 70 டெசிபலுக்கு மேல போனா சட்டப்படி உரிமை இருக்கு, அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரின்னு தயங்காதீங்க, பஸ் பாஸ்லேர்ந்து ஸ்கூல் வரைக்கும் அதுதான் கேப்பாங்க.

வயித்துல இருக்கிற பிள்ளைக்கு

இந்தக் காது குறைபாடு பரம்பரை இல்ல, அடுத்த பிள்ளைக்குத் தானா வராது. பையன் பக்கத்துல படுத்தா உங்களுக்கு ஒட்டிக்கும்னு மாமியார் பிரிச்சுப் படுக்க வைக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க, தயவு செஞ்சு வேண்டாம், சிகிச்சை முடிஞ்ச பிள்ளைகிட்டேர்ந்து ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, அவனுக்கு இப்ப அம்மா மூஞ்சிதான் சத்தம். பிறந்ததும் காது கேக்குதான்னு பாக்கற ஓஏஈ டெஸ்ட் கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை. 6 வாரத்துலேர்ந்து ஊசி ஒண்ணு விடாம போடுங்க. வீக்கமும் காய்ச்சலும் பென்டாவேலன்ட்ல இருக்கிற கக்குவான் இருமல் பகுதியால வர்றது, ரெண்டு நாள்ல போயிடும், எடைக்கு ஏத்த பாராசிட்டமால் போதும், எண்ணெய் தேச்சு உருவக் கூடாது. ஒரே நாள்ல மூணு நாலு ஊசி போடலாம், ஒண்ணும் ஆகாது. தடுப்பூசி அட்டையை ரெண்டு பேர் போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க. ரூபெல்லா ஊசி கர்ப்பத்துல போடக் கூடாது, நீங்க இது வரைக்கும் போட்டுக்கலன்னா பிரசவத்துக்கு அப்புறம் கேட்டு போட்டுக்கங்க.

பின்குறிப்பா கேட்டிருந்தீங்க, எம்ஆர்ஐக்கு மயக்க மருந்து குடுப்பாங்களா, பால் குடுக்கலாமான்னு. ஆடாம படுக்கணும்ங்கறதால தூங்க வைப்பாங்க. தாய்ப்பால் நாலு மணி நேரம் முன்னாடி, மாட்டுப்பால், பவுடர் பால்னா ஆறு மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், அங்க வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றபடி கேளுங்க. காலையில முதல் ஆளா ஸ்லாட் கேட்டு வாங்குங்க, பசியில அழற பிள்ளையை வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் வராண்டாவுல உக்கார முடியாது. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.